சொந்தமாகத் தொழில் நடத்தாத எம்.பி.ஏ. பட்டதாரி, தொழில்முனைவோருக்கு வழிகாட்ட முடியுமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: எம்.பி.ஏ. முடித்துப் பதினான்கு ஆண்டுகளாக மாதச் சம்பளத்தில் இருக்கிறீர்கள். படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம், சிறுதொழில் செய்பவர்களுக்கு வழிகாட்டியாக வரும்படி அழைத்திருக்கிறது. ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியறியாத நான் எந்த முகத்தோடு போய் உட்காருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம் என்பதே என் பதில். உங்கள் பட்டத்தையும் பதவியையும் பார்த்துத்தான் அழைத்திருப்பார்கள் என்றாலும், அங்கே போனபின் அவை இரண்டும் பெரிதாக உதவப்போவதில்லை. அந்தத் தொழிலில் உங்களுக்கு ஒரு காசு லாபநட்டமும் இல்லை என்பதும், மாதாமாதம் அதே கணக்கை அதே ஆளிடம் சலிக்காமல் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது என்பதுமே அந்த மனிதருக்கு வேறெங்கும் கிடைக்காதவை.

நான் கோவையில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதம் இரண்டு சனிக்கிழமைகளை இந்தப் பணிக்கு ஒதுக்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டில் நான் செய்ததெல்லாம், வகுப்பில் படித்த சந்தைப் பிரிப்பு, போட்டியாளர் பகுப்பாய்வு போன்றவற்றைப் பவர்பாயின்டில் போட்டுத் திரையில் ஓட்டியதுதான். வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், மதியச் சாப்பாட்டை முடித்தார்கள், மறுமாதம் வரவில்லை. குறை அவர்களிடம் இல்லை என்பது எனக்கு உறைப்பதற்குக் கணபதிப் பகுதியில் இருந்த ஒரு லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது.

அந்தப் பட்டறையின் உரிமையாளர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பம்ப்செட் நிறுவனங்களுக்கு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் தொழில். இரண்டு பழைய லேத்துகளோடு, வங்கிக் கடனில், கணினி கட்டளைப்படி தானே கடையும் ஒரு சி.என்.சி. இயந்திரத்தையும் வாங்கிப் போட்டிருந்தார். வேலைக்குக் குறைவில்லை, ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்பது அவருடைய புலம்பல். சி.என்.சி.க்கு மணிக்கு 350 ரூபாய் வீதம் கூலி வாங்குவதாகச் சொன்னார். அந்த 350 எப்படி வந்தது என்று கேட்டேன். "பக்கத்துப் பட்டறையில அதுதானுங்க சார் வாங்குறாங்க" என்றார்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் இருவரும் சேர்ந்து எழுதினோம். இயந்திரத்தின் மாதத் தவணை 55,000, அது நிற்கும் இடத்துக்கான வாடகைப் பங்கு 12,000, மின்கட்டணம் 18,000, இரண்டு ஷிப்ட்டுக்கு இரண்டு ஆபரேட்டர்களின் சம்பளம் 44,000, இன்சர்ட் எனும் வெட்டுமுனைகள், கூலன்ட் ஆயில் வகையறா 15,000, பராமரிப்பு 6,000. ஆக மொத்தம் ஒன்றரை லட்சம். நாளொன்றுக்கு 20 மணி நேரம், மாதம் 26 நாள் இயந்திரம் ஓடுகிறது என்று அவர் அடித்துச் சொன்னார். அப்படியானால் 520 மணி நேரம். மணிக்கு 288 ரூபாய்தான் அடக்கம். 350 வாங்கினால் லாபம் நிற்கத்தான் வேண்டும். கூட்டலில் பிழை இல்லை, கல்லாவில் பணமும் இல்லை.

அன்றைக்கு நான் எந்த ஆலோசனையும் சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, சணலில் கட்டி, இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கவிடச் சொன்னேன். இயந்திரம் ஓடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், நின்றதற்குக் காரணம் ஆகிய மூன்றை மட்டும் ஆபரேட்டர் எழுத வேண்டும். மறுமாதம் கூட்டிப் பார்த்தபோது ஓடியிருந்தது 340 மணி நேரம். அடுத்த உருப்படிக்காக இயந்திரத்தின் செட்டிங்கை மாற்றுவதிலும், மெட்டீரியல் வராமல் காத்திருந்ததிலும், இரவு ஷிப்ட் ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட நாட்களிலும் மீதி போயிருந்தது. 340 மணி நேரத்துக்கு 350 ரூபாய் வீதம் வரவு 1,19,000, செலவு 1,50,000. ஒவ்வொரு மாதமும் 31,000 ரூபாயைப் பழைய லேத்துகள் இரண்டும் சம்பாதித்து இந்தப் புது இயந்திரத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன. அவருடைய சொந்த உழைப்புக்கான சம்பளம் இந்தக் கணக்கில் சேரவேயில்லை.

கூலியை ஏற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. அவரோ நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐம்பது அறுபது உருப்படிக்காக இரண்டு மணி நேரம் செட்டிங் செய்த வரிகளின்மேல் விரலை வைத்தார். கூலியைப் பொதுவாக ஏற்றினால் வேலை பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். சின்ன லாட்டுகளுக்கு மட்டும் செட்டிங் கூலியைத் தனியாகக் கேட்டால், அதே வேதனையில் இருக்கும் பக்கத்துப் பட்டறைக்காரரும் அதையே கேட்கத் தொடங்குவார் என்பதும் அவருக்குத்தான் தெரியும். எனக்கு அது தோன்றியிருக்காது.

இதை ஏன் அவர் இத்தனை நாள் யாரிடமும் பேசவில்லை என்று பிறகு யோசித்தேன். வங்கி மேலாளரிடம் சொன்னால் அடுத்த முறை கடன் வரம்பு குறையும். வேலை கொடுக்கும் நிறுவனத்தின் காதுக்குப் போனால், ஆள் நொடித்துப்போகிறார் என்று ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஆடிட்டர் வரிக் கணக்குக்காக வருடத்துக்கு ஒருமுறை ஏட்டைத் திறக்கிறார். மச்சினரிடம் மனம்விட்டுப் பேசலாம் என்றால், இயந்திரத்துக்குக் கட்டிய முன்பணத்தில் பாதி அவர் கொடுத்தது. அந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஏதோ ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிறில்லாமல் வந்து உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. எனும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'வென்ச்சர் மென்டரிங் சர்வீஸ்' இந்தக் கயிறில்லாத தன்மையையே விதியாக வைத்திருக்கிறது. முன்னாள் மாணவர்களும் தொழில்துறை வல்லுநர்களும் அங்கே தன்னார்வலர்களாக வருகிறார்கள், ஊதியம் கிடையாது, அந்த உறவைத் தங்கள் சொந்த ஆதாயத்துக்குத் திருப்பிக்கொள்ளவும் கூடாது. நம் நாட்டில் இதற்கு முன்னோடி என்று 1992இல் தொடங்கிய பாரதிய யுவ சக்தி டிரஸ்ட்டைச் சொல்வேன். குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மகள் லட்சுமி வெங்கடேசன், பிரிட்டனின் பிரின்ஸ் டிரஸ்ட்டை முன்மாதிரியாகக் கொண்டு இதைத் தொடங்கினார்; ஜே.ஆர்.டி. டாடா அதன் முதல் தலைவர். அடமானம் வைக்க ஒன்றுமில்லாத இளைஞருக்குக் கடன் ஏற்பாடு செய்யும்போதே, தொழிலிலோ நிர்வாகத்திலோ பழக்கமுள்ள ஒருவரையும் துணைக்கு அனுப்புவது அதன் வழி. அதே 1992இல் சிலிக்கான் பள்ளத்தாக்கில், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போன தொழிலதிபர்கள் தொடங்கிய 'டை' (TiE) அமைப்பு வேறு ரகம். அங்கே வழிகாட்டுபவர்களில் பலர் முதலீட்டாளர்களும்கூட. பெரிய முதலீட்டைத் தேடும் ஸ்டார்ட்அப்புக்கு அது பொருந்தும். லேத் பட்டறைக்கும் மாவு மில்லுக்கும் முந்தைய வழியே பொருந்தும் என்பது என் கருத்து.

எம்.ஐ.டி. முறையில் நான் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது ஒன்று உண்டு: ஒருவராக உட்காராமல் குழுவாக உட்கார்வது. எங்கள் குழுவில் கணக்குக்கு நான், சட்டத்துக்கு ஒரு கம்பெனி செகரட்டரி, மூன்றாவதாக ஒரு பம்ப் நிறுவனத்தில் கொள்முதல் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். முப்பது ஆண்டுகள் மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். விலை பேசும்போது கொள்முதல் அதிகாரி எந்த இடத்தில் இறங்கிவருவார் என்று அவர் சொல்லும்போது, பட்டறைக்காரர்கள் பேனாவை எடுத்து எழுதிக்கொள்கிறார்கள். என் பேச்சுக்கு இதுவரை யாரும் பேனாவை எடுத்ததில்லை. எங்களுக்குள் கருத்து வேறுபட்டால் அதை வந்தவரின் முன்னாலேயே பேசிக்கொள்கிறோம். முதலில் குழம்புவார்கள். இவர்களே இப்படி முட்டிக்கொள்கிறார்கள் என்றால் முடிவை நாம்தான் எடுத்தாக வேண்டும் என்பது இரண்டு மூன்று சந்திப்புகளில் அவர்களுக்கே பிடிபட்டுவிடுகிறது.

அந்தக் குழு அமைவதற்கு முன்னால், தனியாளாக இருந்த நாட்களில், என்னால் ஒருவருக்கு நட்டம் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து, உள்ளூர் மளிகைக் கடைகளுக்குக் கைமேல் காசு வாங்கிப் போட்டுவந்த ஒரு பெண்மணி அவர். பல கிளைகள் கொண்ட ஒரு சூப்பர் மார்க்கெட் அவருடைய சரக்கை எடுக்க முன்வந்தது; அறுபது நாள் கடன், விற்காததைத் திருப்பி அனுப்புவோம் என்பது நிபந்தனை. அவர் தயங்கினார். வளர வேண்டுமானால் இதுதான் வாய்ப்பு என்று நான் வற்புறுத்தினேன். மாதம் 80,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தவர் 3 லட்சத்துக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினார். மிளகாயும் மல்லியும் மண்டியில் ரொக்கத்துக்குத்தான் கிடைக்கும். பேக்கிங் கவருக்கு முன்பணம் கட்ட வேண்டும். பில் போட்டுவிட்டால், பணம் வந்ததா என்று கேட்காமல் ஜி.எஸ்.டி. வந்து நிற்கும். இரண்டு மாதத்தில் 6 லட்ச ரூபாய்ச் சரக்கு வெளியே நின்றது, வீட்டில் ஐந்து பவுன் அடகுக்குப் போயிருந்தது. அவர் சந்திப்புக்கு வருவதை நிறுத்தியபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நேரில் போய்ப் பார்த்தபோது, திரும்பி வந்த அட்டைப்பெட்டிகள் கூடத்தில் அடுக்கியிருந்தன. "நீங்க சொன்னீங்கன்னுதான் சார் ஒத்துக்கிட்டேன்" என்றார். கோபப்படாமல், காபி கொடுத்துவிட்டுச் சொன்னார். எனக்கு அறுபது நாள் என்பது எங்கள் அலுவலகத்து எக்செல் தாளில் ஒரு பத்தி மட்டுமே. அந்த இடைவெளியை நிரப்ப எங்களுக்கு வங்கிக் கடன் வரம்பு இருக்கிறது. அவருக்கு இருந்தது தாலிக்கொடி தவிர்த்த நகை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் எனும் அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. போதாததற்கு, வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டு முதல் நடப்புக்கு வந்த 43பி(எச்) பிரிவு, இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, அதைக் கொடுத்துத் தீர்க்கும் வரை வாங்குபவர் தன் செலவுக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ள முடியாதபடி செய்தது. இதையெல்லாம் நீங்கள் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சிறு வியாபாரி அந்த வட்டியைக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஒப்பந்தம் போடும் நாளிலேயே 45 என்று எழுதி வாங்க முடியுமா என்று பார்ப்பதுதான் நடக்கக்கூடிய காரியம்.

நம்மைப் போன்ற முன்னாள் மாணவர்களிடம் உள்ள சில நோய்களையும் சொல்லிவிடுகிறேன். பொன்னாடை, நினைவுப் பரிசு, லிங்க்ட்இன் படம் ஆகிய மூன்றும் முடிந்ததும் காணாமல் போவது முதல் நோய். பத்தாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் தான் செய்ததை நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் அப்படியே செய்யச் சொல்வது இரண்டாவது. எனக்கே அது வந்திருக்கிறது. நான்கு முறை பேசிவிட்டு அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று பங்கு கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்டார்ட்அப் உலகில் ஆலோசகருக்குப் பங்கு கொடுப்பது வழக்கம்தான், அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றோடு நீங்களும் கயிறு கட்டியவராகிவிடுகிறீர்கள், அதன்பின் நட்டக் கணக்கை உங்களிடம் முதலில் காட்டமாட்டார்கள்.

ஆகவே சங்கத்திடம் சம்மதம் சொல்லும்போது, பத்துப் பேரைத் தராமல் ஒருவரையோ இருவரையோ மட்டும் ஓராண்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சந்திப்பு கல்லூரி அரங்கில் வேண்டாம், அவருடைய தொழில் நடக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அரங்கில் அவர் உங்களுக்குக் காட்ட நினைப்பதை மட்டும்தான் பார்ப்பீர்கள், பட்டறையில் மூலையில் கிடக்கும் ரிஜக்ட் பெட்டியும் கண்ணில் படும். முதல் மூன்று மாதம் பில் புத்தகத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் தவிர வேறெதையும் கேட்காதீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே சரக்குக் கொடுப்பவர் அவர் என்று தெரியவந்தால், தயங்காமல் வேறொருவரிடம் மாற்றிவிடுங்கள்.

அந்த லேத் பட்டறை அண்ணன் போன மாதம் தொலைபேசியில் அழைத்து, இரண்டாவது சி.என்.சி. இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டார். நோட்டில் எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். 430 என்றார். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. "சரிங்க சார், தீபாவளி போகட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்சர்ட் விலை ஏறியதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.