கீபோர்டு வாங்கும் முன்னால் மாஸ்டரைத் தேடுங்கள்

மேலூர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. அங்கே படித்துவிட்டு இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் பத்துக் கீபோர்டு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா, பிள்ளைகளுக்கு வகுப்பை எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். இப்போதைக்காவது வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஒத்தக்கடை தாண்டி, யானைமலை தெரிகிற ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகளும் மகனும் ஊர்ப் பள்ளியில்தான் படித்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு இரண்டு வருடம் தலைவியாக இருந்தேன். எங்களுக்கும் முதலில் வந்தது கீபோர்டுதான். ஒருவர் ஐந்து வாங்கிக் கொடுத்தார். ஆண்டு விழா மேடையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்தோம். சொல்லிக்கொடுக்க டவுனிலிருந்து ஒரு மாஸ்டர் வாரம் ஒருநாள் வந்தார். ஐந்து கீபோர்டுக்கு முப்பது பிள்ளைகள். ஒரு மணி நேர வகுப்பில் ஒரு பிள்ளையின் விரல் கட்டையில் படுவது பத்து நிமிடம்கூட இருக்காது. வகுப்பு முடிந்ததும் எல்லாம் பீரோவுக்குள் போய்ப் பூட்டு விழுந்துவிடும். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அது நியாயமான பயம்தான், டீச்சர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது மாதம் மாஸ்டர் வரவில்லை. பெட்ரோலுக்கே கட்டவில்லை என்றார், அதுவும் உண்மை. அடுத்த வருடம் பீரோவைத் திறந்தால் இரண்டுக்கு அடாப்டரைக் காணோம், ஒன்றின் வயரை எலி கடித்திருந்தது. "ஸ ரி க ம வரைக்கும்தாம்மா வந்துச்சு" என்று என் மகள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

கருவி வந்தால் வகுப்பு நடக்கும் என்று நினைத்தோம். வாரம் தவறாமல் வரக்கூடிய ஓர் ஆள் கிடைத்தால்தான் வகுப்பு நடக்கும். அந்த ஆளுக்கு எந்தக் கருவி தெரியுமோ அதுதான் உங்கள் பள்ளியின் கருவி. ஆகவே முதல் வேலை, உங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரப் பயணத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது. கோயிலில் நாதஸ்வரம், தவில் வாசிப்பவர்கள் இருப்பார்கள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிக்கும் பையன் ஒருவன் இருப்பான். பறைக் குழு இருக்கும். மதுரை பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று நாலா பக்கமும் உண்டு. எங்களுக்குப் புல்லாங்குழல் மாஸ்டர் கிடைத்தது இப்படி விசாரித்துத்தான். என் கடைக்கு ரவிக்கை தைக்க வந்த ஒரு அக்கா, "என் தம்பி வாசிப்பானே" என்றார்.

ஆள் கிடைத்ததும் சம்பளத்தைப் பேசிவிடுங்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று பேசவே பேசாதீர்கள். பத்துப் பிள்ளை சேர்ந்து நாலு பிள்ளை நின்றுவிட்டால் மாஸ்டரின் காசு குறையும், அவரும் நின்றுவிடுவார். ஒரு வகுப்புக்கு இவ்வளவு, மாதம் எட்டு வகுப்பு, எத்தனை பிள்ளை வந்தாலும் அதே காசு என்று பேசுங்கள். நாங்கள் வகுப்புக்கு 500 ரூபாய் என்று மாதம் 4,000 கொடுத்தோம். பணத்தை வீட்டுக்கு நூறு, இருநூறு என்று திரட்டியதில் முக்கால்வாசி வந்தது. மீதியை ஊரில் இரண்டு பேர் ஏற்றுக்கொண்டார்கள். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளின் பெயரை யாரிடமும் சொல்லவில்லை, மாஸ்டருக்குக்கூடத் தெரியாது. இதில் மட்டும் நான் கறாராக இருந்தேன்.

எங்களுக்குக் குழல் மாஸ்டர் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. மூங்கில் குழல் சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும், கரண்டு வேண்டாம், பைக்குள் அடங்கும், பிள்ளைக்கு ஒன்று என்று கொடுத்துவிடலாம். கடைக்கு மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழலைக் கட்டைக் கணக்கில், அதாவது சுருதி எவ்வளவு உயரம் என்ற கணக்கில், விற்பார்கள். ஐந்தரை, ஆறு கட்டைக் குழல் குட்டையாக இருக்கும், துளைகள் நெருங்கி இருக்கும், ஒன்பது வயது விரலுக்கு எட்டும். தாழ்ந்த சுருதிக் குழல் பார்க்க அழகாக நீளமாக இருக்கும், ஆனால் சின்னக் கை எட்டாது. அப்புறம், எல்லாக் குழலும் ஒரே கட்டையாக இருக்கட்டும். ஐந்து ஒரு கட்டையிலும் ஐந்து வேறு கட்டையிலும் வாங்கிவிட்டால் பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கவே முடியாது. சேர்ந்து வாசிக்கிற சந்தோஷம்தான் அவர்களை அடுத்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு வரும்.

முதல் இரண்டு வகுப்பில் மாஸ்டர் குழலைத் தொடவே விடவில்லை. எல்லோரையும் பேனா மூடியைக் கொண்டுவரச் சொன்னார். மூடியின் வாயைக் கீழுதட்டில் வைத்து, குறுக்கே ஊதி விசில் சத்தம் வரவைக்க வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் புளியமரத்தடியில் உட்கார்ந்து பேனா மூடியை ஊதிக்கொண்டிருந்தார்கள். சத்தம் வந்த பிள்ளைக்குத்தான் குழல். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மூன்று வகுப்பாக வரவில்லை. நாலாவது வகுப்பில் வந்ததும் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினான், அவன் அப்பத்தாவிடம் காட்ட.

குழல் கைக்கு வந்த பிறகு மாஸ்டர் ஒரு காரியம் செய்வார், எனக்கு அது மிகவும் பிடிக்கும். பிள்ளை ஊதி முடித்ததும் கையை விரிக்கச் சொல்லி விரல் நுனிகளைப் பார்ப்பார். துளையைச் சரியாக மூடியிருந்தால் விரலில் வட்டமாகத் தடம் விழுந்திருக்கும். பாதி மூடியிருந்தால் பாதி நிலா மாதிரி இருக்கும். "இந்த விரல்தான்" என்று தொட்டுக் காட்டுவார், வேறொன்றும் சொல்ல மாட்டார். பிள்ளைகள் அப்புறம் தாங்களே விரலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளப் பழகினார்கள்.

பாடத்தைப் பற்றி ஒரு விஷயம். வாய்ப்பாட்டில் முதல் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவது வழக்கம். குழலில் அதற்குச் சில துளைகளைப் பாதி மூட வேண்டும், புதுப் பிள்ளைக்கு அது மலை ஏறுகிற மாதிரி. துளைகளை முழுசாகத் திறந்து மூடினால் இயல்பாக வருவது அரிகாம்போதி ராகம். எங்கள் மாஸ்டர் அதிலேயே தொடங்கினார். பழந்தமிழிசையில் செம்பாலை என்று சொன்னது இதைத்தான் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மாஸ்டர் எதில் தொடங்கினாலும் அது அவர் பாடு. ஆனால் மூன்று மாதத்துக்குள் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பாட்டு, நாலு வரியாவது, வாசிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். வரிசைகளை மட்டுமே வாசித்துக்கொண்டு ஒரு வருடம் இருக்க எந்தப் பிள்ளைக்கும் பொறுமை கிடையாது.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். கருவியை வீட்டுக்கு அனுப்புங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல் மதுரையில் பிறந்தார். அவர் அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். அந்த வீட்டில் கருவி கண் முன்னாலேயே இருந்தது. நம் பிள்ளைகளின் வீட்டில் அப்படி ஒன்று இல்லை. வாரம் இரண்டு மணி நேரம் மாஸ்டர் சொல்வதைக் கேட்டு மட்டும் எந்தப் பிள்ளைக்கும் விரல் திரும்பாது. தினம் கால்மணி நேரம் கையில் இருந்தால் திரும்பும். பழைய சேலைத் துணியில் ஆளுக்கொரு நீளப் பை தைத்துக் கொடுத்தேன், நாடா வைத்து, பெயரும் தைத்து. ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுக் குழலை வாங்கிக்கொண்டு போவார்கள். முதல் வருடம் பன்னிரண்டு குழலில் இரண்டு போயின. ஒன்று பஸ்ஸில் தொலைந்தது, ஒன்றின் மேல் யாரோ உட்கார்ந்து விரிசல் விட்டது. யாரிடமும் காசு கேட்கவில்லை. பீரோவில் இருந்திருந்தால் பன்னிரண்டும் பத்திரமாக இருந்திருக்கும், வாசிக்கத்தான் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் ஊத முடியாத பிள்ளைகளும் உண்டு. ஒரே அறை வீடு, நைட் ஷிப்டு பார்த்துவிட்டுத் தூங்குகிற அப்பா. அவர்களுக்காக மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டோம். ஒத்துக்கொண்டார். மேற்பார்வைக்கு அம்மாக்கள் முறை போட்டு வந்தோம்.

வகுப்பு நேரம் பள்ளி விட்டதும் நாலேகாலுக்கு வைத்தால் நல்லது. சனிக்கிழமை வைத்துப் பார்த்தோம், பாதிப் பேர் வரவில்லை. பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு வகுப்பில் சேர்க்காதீர்கள்.

பறையைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டாவது வருடம் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து ஓர் ஆசான் வரச் சம்மதித்தார். பிள்ளைகள் குதித்தார்கள். குழலைப்போல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், முதல் நாளே அடி பிடிபட்டுவிடும், கூட ஆடவும் செய்யலாம். ஆனால் சில வீடுகளில் "எங்க பிள்ளை பறை அடிக்கணுமா?" என்றார்கள். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்களே, அதைச் சொன்னேன். சிலர் மனம் மாறினார்கள். நாலு வீட்டில் கடைசிவரை அனுப்பவில்லை. அதற்காக வகுப்பை நிறுத்துவதில்லை என்று குழுவில் தீர்மானம் போட்டோம். உங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு வரும். வந்தால் பின்வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பறை அடிக்கிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி, குழல் வகுப்பில் ஓரமாகவே உட்கார்ந்திருந்தவள், இங்கே மற்றவர்களுக்குக் குச்சி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். தோல் தொய்ந்துபோனால் தீயில் காட்டிக் காய்ச்ச வேண்டும், எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆசானே அவளைக் கூப்பிட்டுத்தான் காய்ச்சச் சொல்வார். தீ மூட்டுவது மைதானத்தின் மூலையில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அது தலைமையாசிரியர் போட்ட நிபந்தனை, சரியான நிபந்தனை.

அனுமதி விஷயம் சிக்கலில்லை. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, யார் வருகிறார், எந்த நாள், எந்த நேரம், காசு எங்கிருந்து என்பதை அதிலேயே பதிந்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். அதே சட்டத்தின் அட்டவணையில் இன்னொன்றும் இருக்கிறது: ஆறு முதல் எட்டு வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளிக்குக் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும். உங்கள் பள்ளியில் அந்த எண்ணிக்கை இருந்தால் கேட்டு ஒரு மனு போடுங்கள். உடனே நடக்காவிட்டாலும் கேட்டது பதிவில் இருக்கட்டும். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, கருவி இசைக்கும் அதில் இடம் உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு மேடை தேதி கண் முன்னால் இருந்தால் பயிற்சி தானாக நடக்கும்.

சரி, சிங்கப்பூர்க்காரருக்கு என்ன பதில் சொல்வது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் சொல்வேன்: "தம்பி, பத்துக் கீபோர்டு வேண்டாம். மாஸ்டருக்கு ஒரு வருடச் சம்பளத்தை மாதாமாதம் அனுப்புங்கள். கூடவே பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்னக் கருவி. வருடக் கடைசியில் லீவு போட்டு ஊருக்கு வாருங்கள், பிள்ளைகள் வாசிப்பதைக் கேளுங்கள். அப்புறமும் கீபோர்டு வாங்கித் தரத் தோன்றினால், எத்தனை என்று மாஸ்டரிடமே கேட்டுக்கொள்ளலாம்." படித்த பள்ளிமேல் பாசம் இருப்பதால்தான் அவர் கேட்கிறார், புரிந்துகொள்வார். எங்களுக்குக் கீபோர்டு கொடுத்தவரிடமும் பிறகு இதைத்தான் சொன்னோம். அந்த மாதத்திலிருந்து இன்றுவரை 1,000 ரூபாய் தவறாமல் வருகிறது.