இடிந்த கோயிலும் எரியும் மலையும்

கேள்வி: குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவில் தேவாலயங்கள் பல இன்னும் இடிந்தே கிடப்பதேன்? பக்கத்து அகாதெனாங்கோ எரிமலையில் புதியவர்கள் ஏறலாமா?

பதில்: 1773 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஸ்பானியர்கள் ஆன்டிகுவாவில் இருந்த தலைநகரையே இன்றைய குவாத்தமாலா சிட்டிக்கு மாற்றிவிட்டார்கள், எடுத்துக் கட்ட யார் இருந்தார்கள்? லா மெர்செட் தேவாலயம் தப்பியது. அதன் குட்டை மணிக்கூண்டையும் தடித்த சுவரையும் பார்த்தாலே காரணம் புரியும்.

ஏறலாம், அவசரப்படாமல். ஆன்டிகுவா சுமார் 1,500 மீட்டர் உயரம், மலையுச்சி 3,976. வந்த மறுநாளே கிளம்பினால் தலைவலியும் குமட்டலும் வரக்கூடும். இரண்டு நாள் ஊரில் தங்கி உடம்பைப் பழக்குங்கள். மேலே எரிமலைச் சரளை. ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். ஊன்றுகோல் அவசியம். இரவில் குளிர் உறைநிலையைத் தொடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை போங்கள். மழைக்காலத்தில் மேகம் மூடினால், எதிரே தீ கக்கும் ஃபுவேகோ எரிமலை கண்ணிலேயே படாது.