டப்பாவில் விழுவது சளியா, எச்சிலா?

வாசகி, ஏற்காடு: காசநோய் முகாமுக்கு எங்கள் மகளிர் குழுதான் ஆள் திரட்டியது. ஆண்கள் அளவுக்குப் பெண்களும் சளி கொடுத்தார்கள். ஆனால் நோய் உறுதியானவர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். பெண்களுக்கு இது அவ்வளவாக வராதா?

பதில்: பாதி சரி. 2023-இல் உலகில் காசநோய் கண்டவர்களில் 55 சதவீதம் ஆண்கள், 33 சதவீதம் பெண்கள், மீதி குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நீங்கள் சொல்லும் அளவுக்கு இடைவெளி இருந்தால், முதலில் டப்பாவைத்தான் பார்க்க வேண்டும்.

நாலு பேர் நிற்கிற இடத்தில் காறித் துப்ப நம் பெண்களுக்குக் கூச்சம். அப்படித்தானே வளர்க்கிறோம்! வாயில் ஊறியதைத் துப்பி, மூடிக் கொடுத்துவிடுகிறார்கள். எச்சிலில் கிருமி சிக்குவது அரிது. 'நெகட்டிவ்' என்று முடிவு வரும், இருமல் நிற்காது. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. சளி எடுக்கும் முறையை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த பெண்களில் 13 சதவீதம் பேருக்கு நோய் தெரிந்தது. சொல்லாமல் விட்டவர்களில் 8 சதவீதம்தான். சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த முறை இதுதான். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மூச்சை ஆழ இழுத்து, சற்று அடக்கி, மெல்ல விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, அடுத்த மூச்சில் வயிற்றை எக்கி இரும வேண்டும். அடிநெஞ்சிலிருந்து வருவது கெட்டியாக, மஞ்சளாகவோ கொழகொழவென்றோ இருக்கும். தண்ணீர் மாதிரி நுரைத்திருந்தால் எச்சில். 2 மில்லிக்குக் குறையக் கூடாது, அதாவது அரை டீஸ்பூன் அளவு. கழிப்பறையிலோ அடுப்படியிலோ எடுக்க வேண்டாம். திறந்த வெளியில், பக்கத்தில் ஆளில்லாமல் எடுக்க வேண்டும். பெயரை டப்பாவின் பக்கவாட்டில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும்போது ஆளே மாறிப்போகும். அன்றைக்கே ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்.

முகாமில் ஒரு மூலையைச் சேலையால் மறைத்து, மேலே மூடாமல் காற்றோட்டமாக விட்டு, சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணை நிறுத்துங்கள். நேரமும் முக்கியம். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பகல் 11 மணிக்கு முகாம் போட்டால் யார் கூலியை விட்டுவிட்டு வருவார்கள்?

எக்ஸ்ரேயும் கேளுங்கள். 2019–21 தேசிய ஆய்வில் கண்டறிந்த நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே இல்லையென்றால் தவறிப்போயிருப்பார்கள். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வாசகர், செவ்வாய்ப்பேட்டை: மனைவி காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார். கருத்தடை மாத்திரையையும் தொடரலாமா?

பதில்: அதை நம்ப முடியாது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கருத்தடை ஹார்மோனைக் கல்லீரல் வேகமாகச் சிதைத்துவிடும்படி செய்கிறது. காசநோய் மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். சிகிச்சை முடியும்வரையும் அதற்குப் பின் ஒரு மாதமும் காப்பர்-டி அல்லது ஆணுறை. ஆணுறை உங்கள் பொறுப்பு. முதல் நாள் மாத்திரை கொடுக்கும்போதே இதைத் தம்பதி இருவருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

வாசகி, ஆத்தூர் அருகே: எங்கள் ஊராட்சியைக் 'காசநோய் இல்லா ஊராட்சி' ஆக்கப் போகிறார்களாம். கிராம சபையில் என்ன கேட்கலாம்?

பதில்: 2023-இல் வந்த இந்தத் திட்டத்தில் ஆயிரம் பேருக்கு 30 பேரையாவது பரிசோதித்திருக்க வேண்டும், நோயாளிகள் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த 30 பேரும் ஆண்களாகவே இருந்தாலும் கணக்கு சரியாகிவிடும். அங்கேதான் ஓட்டை.

5,000 பேர் உள்ள ஊரென்றால் 150 பரிசோதனை. அதை ஆண், பெண், திருநர் என்று பிரித்துக் கேளுங்கள். நோய் உறுதியானவர், சிகிச்சை முடித்தவர், சத்தான உணவுக்கு அரசு தரும் உதவித்தொகை பெற்றவர் எண்ணிக்கையையும் அப்படியே கேளுங்கள். 2018-இல் மாதம் 500 ரூபாயாக இருந்த அந்தத் தொகை, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நோயாளி பெண் என்றால், பணம் விழுவது அவர் கணக்கிலா, வீட்டுக்காரர் கணக்கிலா? முடித்தவர் வரிசையில் ஆண்கள் குறைந்தால் அதையும் விடக் கூடாது. குடியும் வெளியூர் வேலையும் அவர்களைப் பாதியில் இழுத்துவிடும்.

2019-இல் ஒன்றிய அரசின் காசநோய்ப் பிரிவே பாலினப் பார்வையோடு பணி செய்ய ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவான 'நிக்ஷய்'-இல் ஒவ்வொரு நோயாளியின் பாலினமும் ஏறுகிறது. அதனால் "அப்படிப் பிரித்து எங்களிடம் இல்லை" என்று யாராவது சொன்னால், அடுத்த கிராம சபைக்குள் எடுத்துத் தரச் சொல்லித் தீர்மானமாக எழுத வையுங்கள்.