ரைட்… போலாம்! – ஆத்தோர நோம்பிக் கேள்விகள்

ஆடி பிறந்த முதல் வாரத்திலேயே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். பவானிக்கு எப்படிப் போவது, கொடுமுடிக்கு எந்த வண்டி, திரும்பி எப்படி வருவது. ஜீவா போக்குவரத்துக் கழகம் என்று பேர் இருந்த காலத்தில் ஈரோட்டில் கண்டக்டராகத் தோல்பையை மாட்டினவன் நான். 1997-ல் பேர் மாறிய பிறகும் அதே பையோடு ஓடித்தான் ஓய்வு பெற்றேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூட்டம் நாலா திசைக்கும் பிரிந்துபோகும். ஆத்தோர நோம்பிக்கு, அதாவது ஆடிப் பதினெட்டுக்கு மட்டும் எல்லாரும் ஒரே படித்துறைக்கு வருவார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறையில் கல்யாண மாலையை விட்டு, தாலிக்கயிறு மாற்ற வேண்டும் என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் காரில் போகலாம் என்கிறார். மாமனார் பஸ்தான் சரி என்கிறார். ஆறு பேர் போகிறோம். யார் பேச்சைக் கேட்பது?
– புது மருமகள், திருப்பூர்

மாமனார் பேச்சைக் கேளுங்கள், அம்மிணி. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பவானி ஊரின் இருப்பைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பவானி ஆறு, இன்னொரு பக்கம் காவேரி. இரண்டும் சேரும் கவையில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. கவையின் நுனியில் சங்கமேசுவரர் கோயில். ஈரோட்டிலிருந்து வந்தால் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். குமாரபாளையத்திலிருந்து வந்தால் காவேரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலம் இல்லாமல் நுழைய வடக்கே மேட்டூர், அந்தியூர் ரோடுகள்தான். பதினெட்டு அன்று காலை எட்டு மணிக்கு மேல் பாலத்தில் நாலு கார் சிக்கினால் போதும், வண்டி வரிசை காலிங்கராயன்பாளையம் வரைக்கும் நிற்கும்.

காரில் போனால் கோயில் வாசலில் இறங்கலாம் என்பது வெறும் நினைப்பு. போலீஸ்காரர் கை காட்டுகிற காட்டில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். பஸ்ஸில் வந்தவருக்கும் அதே நடைதான். ஆனால் கார்க்காரர் திரும்ப அதே காட்டுக்கு வந்தாக வேண்டும். பஸ்காரருக்கு அந்தக் கட்டு இல்லை, எந்தப் பக்கம் கூட்டம் குறைவோ அந்தப் பக்கம் வெளியேறலாம்.

போக ஒரு வழி. விடியற்காலை ரயிலில் ஈரோடு வந்து, பஸ் ஸ்டாண்டில் பவானி டவுன் பஸ் பிடியுங்கள். இல்லாவிட்டால் திருப்பூரில் சேலம் வண்டி ஏறலாம். ஏறும் முன், ஈரோட்டுக்குள் நுழையும் வண்டியா, பைபாஸ் வண்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பைபாஸ் வண்டி என்றால் லட்சுமி நகரில் இறங்கி நடக்கலாம். வயசானவர்களோடு மெல்ல நடந்தால் அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

டவுன் பஸ்ஸில் ஏறியதும் எல்லாரும் கேட்பது, “எப்பங்க போய்ச் சேரும்?” அது கண்டக்டருக்கே தெரியாது. நீங்கள் கேட்க வேண்டியது, “வண்டி இன்னைக்கு எங்கீங்க திரும்புது?” கூட்டம் மிஞ்சினால் வண்டியை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடமாட்டார்கள், பாலத்துக்கு இந்தப் பக்கமே திருப்பச் சொல்வார்கள். என் காலத்தில் காலிங்கராயன்பாளையத்தில் எத்தனையோ தடவை திருப்பியிருக்கிறோம். வண்டி திரும்பும் இடம்தான் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு. காலி வண்டி அங்கேதான் கிடைக்கும். வழக்கமான நிழற்குடையில் நின்றுகொண்டு, நிறைந்து வருகிற வண்டியைப் பார்த்துக் கை காட்டினால் யார் நிறுத்துவார்கள்?

திரும்ப இன்னொரு வழி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் யோசிக்க மாட்டார்கள். பழைய காவேரிப் பாலத்தில் குமாரபாளையத்துக்கு நடந்துவிடுங்கள். அங்கே பள்ளிபாளையம் வண்டி ஏறி, கருங்கல்பாளையம் வழியாக ஈரோடு. சுற்றுதான், ஆனால் உட்கார்ந்து வரலாம். ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தால் பாலத்தில் நடக்க விடுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கருங்கல்பாளையத்து ஆற்றோரத்திலும் அன்றைக்குக் கூட்டம் இருக்கும். அது பவானிக் கூட்டத்துக்குத் தம்பிதான்.

மாலையில் சரிகை, பிளாஸ்டிக் மணி இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கட்டுச்சோற்றை இலையில் கட்டுங்கள். நெரிசலில் தூக்குப்போசி அடுத்தவர் விலாவில் இடித்து வரும் சண்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஆறு பேரும் பிரிந்துபோனால் எங்கே சேருவது என்று பஸ்ஸிலேயே பேசி வையுங்கள். ஆற்றோரம் அத்தனை போன் சேர்ந்தால் சிக்னல் படுத்துவிடும்.

நோம்பிக்கு விடும் சிறப்புப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் உண்டா, இல்லையா? போன வருசம் ஏறிய பிறகு காசு கேட்டார்கள்.
– தறி வேலைக்காரி, சித்தோடு

2021 மே மாதம் வந்த இலவசப் பயணம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான். சிறப்புப் பேருந்து என்று போர்டு மாட்டி வருவது பல நேரம் வெளியூர் வண்டியாக இருக்கும். அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். படியில் கால் வைக்கும்போதே, “லேடீஸ் ப்ரீ வண்டிங்களா?” என்று கேட்டுவிடுங்கள். இலவசம் என்றாலும் அந்தச் சீட்டை வாங்கிக் கையில் வைத்திருங்கள். செக்கிங் வந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

எனக்கு இரண்டு முழங்காலும் வலி. ஆனாலும் காவேரித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளாமல் ஆடி போகக் கூடாது. பவானியா, கொடுமுடியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈரோடு

கொடுமுடிங்க, டீச்சர். கரூர் போகிற பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால் சாவடிப்பாளையம், பாசூர், ஊஞ்சலூர் தாண்டிக் கொடுமுடி. பஸ்ஸை எந்தச் சந்தில் வேண்டுமானாலும் திருப்பிவிடுவார்கள். தண்டவாளத்தைத் திருப்ப முடியாது. ஸ்டேஷனிலிருந்து கோயில் பக்கம்தான், ஆட்டோவும் கிடைக்கும். மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், வன்னிமரத்தடியில் பிரம்மா என்று மூன்று பேரையும் ஒரே கோயிலில் கும்பிடலாம்.

பாசஞ்சர் வண்டி நாளுக்குச் சிலதுதான். அதனால் இறங்கின உடனே, திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷனில் கேட்டுவிட்டு நடங்கள். படித்துறையில் கீழே இறங்க வேண்டாம். மேல்படியில் உட்கார்ந்து, யாராவது ஒரு பிள்ளையிடம் சொம்பைக் கொடுத்தால் மொண்டு வந்து ஊற்றும். காவேரி கோபித்துக்கொள்ளாது.

காங்கேயத்திலிருந்து அரச்சலூர் வழியாக ஈரோடு வந்து பவானி போகலாம் என்று இருக்கிறோம். சரிதானே?
– மளிகைக் கடைக்காரர், காங்கேயம்

மற்ற நாளில் சரி. ஆடிப் பதினெட்டு தீரன் சின்னமலை நினைவு நாளும்தானே. 1805-ல் அந்த நாளில்தான் அவரைச் சங்ககிரி மலைக்கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அரச்சலூருக்குப் பக்கத்து ஓடாநிலை மணிமண்டபத்துக்கு அன்றைக்குக் கட்சி வண்டியும் கொடி கட்டின வேனும் வரிசை கட்டும். ஏழு மணிக்குள் அரச்சலூரைத் தாண்டிவிட்டால் பிழைத்தீர்கள். முடியாவிட்டால் சென்னிமலை, பெருந்துறை வழியாக வாருங்கள்.

ஆற்றில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் பஸ்ஸும் ஓடாதா? பவானியில் தடை என்றால் கொடிவேரிக்குப் போய்விடலாமா?
– கல்லூரி மாணவர், கோபி

பஸ் ஓடும் தம்பி, சிக்கல் வேறு இடத்தில். 2024-ல் ஜூலை 30 அன்று மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. நாலு நாள் கழித்து ஆடிப் பதினெட்டு. லட்சம் கன அடிக்கு மேல் காவேரியில் போன வாரம் அது. கூடுதுறையில் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. சாதாரண வருசத்தில் ஒரு குடும்பம் குளித்து, சாமி கும்பிட்டு, சோறு தின்று, ராட்டினம் சுற்றி மூன்று நாலு மணி நேரம் கழித்துத்தான் பஸ்ஸுக்கு வரும். தடை போட்டால் அரை மணியில் திரும்பிவிடும். காலை எட்டு மணிக்கே எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும் வண்டி வேண்டும். எதிரே இன்னும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வண்டி வந்தபடியே இருக்கும். போகிற வண்டியும் நிறைசல், வருகிற வண்டியும் நிறைசல். அதனால் தடை உண்டா என்று முந்தின நாள் ராத்திரியே கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

கொடிவேரிக்கு மேட்டூர்க் கணக்கு செல்லாது. அது பவானி ஆறு, பவானிசாகர் அணையிலிருந்து விடும் தண்ணீர். மேட்டூர் நிரம்பி வழிகிற நாளில் கொடிவேரியில் முழங்கால் தண்ணீர் போகலாம், தலைகீழாகவும் நடக்கலாம். கூடுதுறைக்கு இரண்டு ஆறும் கணக்கு. கோபிக்காரருக்கு இதையெல்லாம் ஈரோட்டுக்காரன் சொல்ல வேண்டியிருக்கிறதே!

என் மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். மெரினாவில் ஏதாவது பெரிய நிகழ்ச்சி வந்தால் எங்களை வரச் சொல்கிறான். 2024 விமான சாகசத்துக்கு நீங்கள் போயிருந்ததாக முன்பு எழுதினீர்கள். பயமில்லாமல் போய்வர முடியுமா?
– ஒரு தகப்பன், தாராபுரம்

போயிருந்தேன். அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. மகள் வீடு வேளச்சேரியில். பன்னிரண்டு வயசுப் பேரனைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குப் பறக்கும் ரயில் ஏறினேன். அந்தச் சமயம் அந்த ரயில் கடற்கரை வரைக்கும் போகவில்லை. நாலாவது பாதை வேலை நடந்ததால் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கத் தயாராக நின்றார்கள். பழக்கதோசம், நான் பேரனை இழுத்துக்கொண்டு முன்னாலேயே திருமயிலையில் இறங்கிவிட்டேன். “ஏன் தாத்தா நடக்கணும்?” என்று அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

போகும்போது தொல்லையே இல்லை. ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தார்கள். ஒரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து திரும்பினார்கள். ஒரு பஸ்ஸில் நூறு பேரை அடைத்தாலும் லட்சம் பேருக்கு ஆயிரம் பஸ் வேண்டும். வந்திருந்ததோ பல லட்சம். எந்த ஊரில் எந்த டிப்போ அதை அரை மணியில் தரும்? வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் கொண்டுபோன இரண்டு பாட்டில் தண்ணீர் பதினொன்றரைக்கே காலி. அன்றைக்கு வெயில் தாங்காமல் ஐந்து பேர் இறந்துபோனார்கள் என்பது ராத்திரி டிவி பார்த்துத்தான் தெரிந்தது.

நான் செய்தது ஒன்றுதான். ஸ்டேஷன் பக்கம் திரும்பவே இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி ராதாகிருஷ்ணன் சாலையில் மேற்கே நடந்தோம். நிழல் கண்ட இடத்தில் எல்லாம் உட்கார்ந்தோம். ஒரு மெஸ்ஸில் சாப்பாடு முடித்து, முதலாளி எழுப்பும் வரைக்கும் அங்கேயே இருந்தோம். ஐந்து மணிக்கு வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது பேரனுக்கு.

தாராளமாகப் போங்கள். மெட்ரோவில் போவதானால் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியே நடக்கலாம். ஆனால் முடிந்ததும் கிளம்பாதீர்கள். முடிவதற்கு அரை மணி முன்னால் எழுந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று மணி நேரம் கழித்து. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு குடை. குடையை விரித்தால் பின்னால் இருப்பவர் திட்டுவார். திட்டட்டும்.

கோயமுத்தூர்க்காரர்களை மறந்துவிட்டீர்களே! ஆடி அமாவாசைக்குப் பேரூர் போக வழி சொல்லக் கூடாதா?
– வாசகர், செல்வபுரம்

செல்வபுரத்திலிருந்து பேரூருக்கு வழியா? விடியற்காலை எழுந்து நடங்கள், சாமி. அமாவாசைக் கூட்டம் தர்ப்பணக் கூட்டம். இருட்டோடு வந்து, வெயில் ஏறும் முன் பாதி கலைந்துவிடும். காந்திபுரத்திலிருந்தும் உக்கடத்திலிருந்தும் வருகிற வண்டி உங்கள் ஊருக்கு வரும்போதே நிறைந்திருக்கும்.

நோம்பி நாளில் மட்டும் கண்டக்டர்கள் ஏன் இப்படி எரிந்து விழுகிறார்கள்? நீங்களும் அப்படித்தானா?
– இல்லத்தரசி, பெருந்துறை

நானும் அப்படித்தான். காலை நாலு மணிக்கு ஏறின கண்டக்டர் பத்து மணிக்குள் நூறு பேர் காலை மிதித்திருப்பார், நூறு பேர் அவர் காலை மிதித்திருப்பார்கள். ஆற்றிலிருந்து திரும்புகிறவர்கள் ஈரத்துணியோடு ஏறி, முந்தானை முடிச்சிலிருந்து மஞ்சள் ஒட்டின ஈர நோட்டை நீட்டுவார்கள். பை முழுக்க நனைந்துவிடும். ராத்திரி டிப்போவில் பணம் கட்டும் முன் டிரிப் ஷீட்டின் மேல் நோட்டுகளைப் பரப்பிக் காற்றாடிக்கு அடியில் காய வைப்பேன். காவேரி வாசம் அடிக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பதினெட்டாம் தேதி, ஆர்.என்.புதூர் ஸ்டாப்பில் ஒரு அம்மா, தலையில் முளைப்பாரி, இடுப்பில் குழந்தை. படியில் தொங்கினபடி வந்த நான், இடமில்லை என்று கை ஆட்டிவிட்டு டபுள் விசில் கொடுத்துவிட்டேன். வண்டி பவானி போய்த் திரும்பி, ஈரோட்டில் மறுபடி ஏற்றிக்கொண்டு வரும்போது இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அதே இடத்தில் அதே அம்மா. முளைப்பாரி வெயிலுக்குத் தலை சாய்ந்திருந்தது. நிறுத்தினேன். ஏறினவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஏஞ்சாமி, போன நடையில என்ற முகம் தெரியலீங்களா?” என்றார். சில்லறையைச் சரியாக எண்ணிக் கையில் வைத்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் சீட்டில் உட்காரச் சொன்னேன். முளைப்பாரியைப் பவானி வரைக்கும் நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.