செல்லுக்கு வெளியே கொட்டிய ஆக்டின்: டாக்டர் பதில்கள்

கேள்வி: ஆக்டின் தசைப் புரதம்தானே டாக்டர்? அது ரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும்?

தசையில் மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஆக்டின் உண்டு. செல்லுக்கு உருவம் தருவதே அதைப் போன்ற புரதங்கள்தான். பெரிய தீக்காயம், விபத்து, கடும் நோய்த்தொற்று என்று செல்கள் மொத்தமாக உடையும்போது அது வெளியே கொட்டுகிறது. ரத்தத்தின் உப்புச் சூழலில் ஆக்டின் சும்மா இருக்காது, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீள இழைகளாகும். இழைகள் பெருகினால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடும். இதற்காகவே ரத்தத்தில் இரண்டு காவல் புரதங்கள் சுற்றுகின்றன. ஜெல்சோலின் இழையை வெட்டும். வைட்டமின் டி-யைச் சுமந்து திரியும் புரதம், பிரிந்த ஆக்டினை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கல்லீரல் அவற்றை அகற்றிவிடும். செப்சிஸ், அதாவது நோய்த்தொற்று முற்றி உறுப்புகளே பாதிக்கப்படும் நிலையில் உள்ள நோயாளிகளிடம் ஜெல்சோலின் அளவு சரிந்துவிடுகிறது. அந்த அளவு மிகவும் சரிந்தவர்கள் பிழைப்பது கடினம். ஜெல்சோலினையே மருந்தாகக் கொடுக்கும் முயற்சி நடக்கிறது, வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

கேள்வி: என் மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சளி ஏன் இப்படிப் பசையாக இருக்கிறது?

சளியைக் கெட்டியாக்கும் பரம்பரை நோய் இது. நீர்ச்சத்து குறைந்த சளி ஒரு காரணம். கிருமியோடு போராடி நுரையீரலிலேயே மடியும் வெள்ளணுக்கள் இன்னொன்று. அவற்றின் டிஎன்ஏவும் ஆக்டின் இழைகளும் சிக்கிப் பின்னிக்கொள்கின்றன. நெபுலைசரில் தரும் டோர்னேஸ் ஆல்ஃபா அந்த டிஎன்ஏவை வெட்டுகிறது. அமெரிக்காவில் 1993-இல் அனுமதி பெற்ற மருந்து. ஜெல்சோலினும் இந்தச் சளியை இளக்குவதை 1994-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். மருந்து இருக்கிறதே என்று மார்பு பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அம்மா.

கேள்வி: ஜிம்மில் தைமோசின் பீட்டா-4 ஊசி போட்டால் காயம் சீக்கிரம் ஆறும் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். 43 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் இது. செல்லுக்குள் ஆக்டினைப் பிடித்து வைப்பது இதன் வேலை. வெளியிலிருந்து கொடுத்தால் விலங்குகளில் புண் வேகமாக ஆறுகிறது, புது ரத்தக்குழாய் துளிர்க்கிறது. உண்மைதான், நம்பிக்கை தருவதும்தான். கண்ணின் கருவிழிப் புண்ணுக்குச் சொட்டு மருந்தாகவும் சோதித்திருக்கிறார்கள். ஆனால் ஆன்லைனில் விற்கும் குப்பியில் என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விளையாட்டு வீரர் என்றால் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் மாட்டுவீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஏ.எல்.எஸ். நியூரோஃபிலமென்ட் டெஸ்ட் எதற்கு?

தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய் ஏ.எல்.எஸ். நியூரோஃபிலமென்ட், ஆக்டினைப் போலவே உருவம் தரும், நரம்பிழைக்குள் இருக்கும் சட்டகப் புரதம். நரம்பு சிதையும்போது ரத்தத்தில் கசியும். நோயின் வேகத்தை ஓரளவு காட்டும். எஸ்ஓடி1 மரபணுக் கோளாறால் வரும் ஏ.எல்.எஸ்.க்கு டோஃபர்சென் மருந்தை 2023-இல் அமெரிக்கா அனுமதித்தது ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் அளவு குறைந்ததை வைத்துத்தான். ஆனால் தலையில் அடிபட்டாலும் இது கூடும், வயதானாலும் கூடும். எனவே ரிப்போர்ட்டை நரம்பியல் மருத்துவரிடம் காட்டாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.