பாலே ஆடி முடித்த பிறகு என்ன? ஓர் அப்பாவின் கேள்விக்குப் பதில்

உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், மேற்கத்திய செவ்வியல் நடனமான பாலேதான் தன் தொழில் என்று பிடிவாதமாக நிற்கிறாள், "முப்பத்தைந்து வயதுக்கு மேல் என்ன செய்வாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். பாலேயில் மேடை வாழ்க்கை குறுகியது. பெரும்பாலோர் முப்பதுகளிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பாரிஸ் ஓப்பரா பாலேயில் ஓய்வு வயதே 42. பரதத்தில் அறுபது வயதிலும் ஒரு பதத்துக்கு அபிநயம் பிடித்துச் சபையைக் கட்டிப்போடலாம். பாலேயில் இடுப்பும் கணுக்காலும் அதற்கு இடம் கொடுக்காது.

"அப்புறம் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்வாள்" என்று உங்கள் மனைவி சொல்வதும் பாதிதான் சரி. அரங்கேற்றம் முடிந்த கையோடு வகுப்பு தொடங்குவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பாலேயில் சொல்லிக்கொடுப்பது, நடனம் அமைப்பது, ஒத்திகை நடத்துவது எல்லாம் தனித்தனி வேலைகள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவற்றில் கை வைத்தவர்களுக்குத்தான் பிற்பாடு அவை சோறு போடுகின்றன.

நம் சிங்கப்பூர்க்காரர், நடன அமைப்பாளர் கோ சூ சானைப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பட்டம் வாங்கிவிட்டுத்தான் ஐரோப்பாவுக்கு ஆடப் போனார் (உங்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும்). டச்சு தேசிய பாலேயில் ஆடிய காலத்திலேயே படைப்புகளை அமைக்கத் தொடங்கிவிட்டார். 1976-இல் வாஷிங்டன் பாலேக்குப் போனபோது நடன அமைப்பாளர் என்ற அடையாளம் கையில் இருந்தது. 1981-இல் உலகப் புகழ்பெற்ற பாலே ஆட்டக்காரர் மிக்கேல் பரிஷ்னிகோவுக்காக ஒரு படைப்பு அமைத்தார். 1987-இல், 39 வயதில் இறந்துபோனார். ஆனாலும் அவர் படைப்புகள் இன்னும் மேடையேறுகின்றன. எப்படி? அவருடன் வாஷிங்டனில் பாலே மாஸ்டராக, அதாவது ஒத்திகை நடத்துபவராக, வேலை பார்த்த யானெக் ஷெர்கன் போன்றவர்கள் ஒவ்வோர் அசைவையும் நினைவில் வைத்து, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்ததால்தான். கோ சூ சானின் அக்கா கோ சூ கிம்மும் ஆண்டனி தென்னும் 1988-இல் தொடங்கிய குழுவுக்கு, அதாவது இன்றைய சிங்கப்பூர் பாலேக்கு, அதே ஷெர்கன் 2008-இல் கலை இயக்குநராக வந்தார். இப்படியொரு வேலை இருப்பதே நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது.

சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ப்ளியே செய்கிறார்கள், அதாவது முழங்காலை மடக்கி இறங்குகிறார்கள். ஒரு பிள்ளையின் பாதங்கள் இரண்டும் பக்கவாட்டில் அழகாகத் திரும்பியிருக்கின்றன. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்மாவுக்குப் பெருமை. ஆனால் முழங்கால்கள் உள்பக்கம் சாய்கின்றன, உள்ளங்கால் வளைவு தரையில் படுத்துக்கிடக்கிறது. இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டிய திருப்பத்தைப் பிள்ளை பாதத்தால் இழுத்துச் சமாளிக்கிறது. அதைக் கண்டுபிடித்து, "பாதத்தைக் கொஞ்சம் உள்ளே வை" என்று சொல்ல ஒரு கண் வேண்டும். "எப்போது பாயின்ட் ஷூ (விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான காலணி)?" என்று நச்சரிக்கும் பெற்றோரிடம், எலும்பும் தசையும் தயாராகும்வரை முடியாது என்று சொல்லத் துணிச்சலும் வேண்டும். மேடையில் பிரமாதமாக ஆடிய சிலருக்கு இந்த இரண்டுமே வாய்ப்பதில்லை.

பாலே தேர்வுகள் நடத்தும் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் அமைப்பில் உங்கள் மகள் அட்வான்ஸ்ட் 2 என்ற உயர்நிலைத் தேர்வு வரை தேறினாலும், அவளுக்கு ஆட வரும் என்பதற்குத்தான் அது சான்று. கற்பிக்க அந்த அமைப்பே தனியாக ஆசிரியப் பயிற்சி நடத்துகிறது.

வருமானத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோ ஆசிரியர்கள் பலருக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம். வேலை நேரம் பள்ளி விட்ட பிறகும் சனி, ஞாயிறும். டிசம்பரில் வகுப்பு இல்லையென்றால் வரவும் இல்லை. சுயதொழில் செய்பவராக இருந்தால் முதலாளி கட்டும் மத்திய சேமநிதிச் சந்தா கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புச் சந்தாவை அவரே கட்ட வேண்டும். நடனம் அமைப்பதை மட்டும் நம்பி வாழ்பவர்கள் வெகு சிலர்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? சிங்கப்பூர்க் கலைப் பள்ளியில் பெரும்பாலும் உயர்நிலை ஒன்றிலேயே சேர்ந்திருக்க வேண்டும், அதை நினைத்து வருந்திப் பயனில்லை. உயர்நிலைப் படிப்பு முடிந்ததும் லசால் கலைக் கல்லூரியிலோ நன்யாங் நுண்கலைக் கழகத்திலோ நடனப் பட்டயப் படிப்பு படிக்கலாம். இரண்டும் 2024 முதல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் குடையின்கீழ் இருக்கின்றன. செவ்வியல் பாலே குழுவில் ஆடுவதுதான் அவள் கனவு என்றால் நிலைமை வேறு. அதற்கு முழுநேரப் பயிற்சி தேவை, அவள் வயதில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே அதில் இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பது கடினம் என்பதே என் கணிப்பு. அவளுடைய உடல்வாகும் திறமையும் அதற்குப் போதுமா என்று வெளியாசிரியர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். மாதக் கட்டணம் வாங்குபவரிடம் மட்டும் கேட்டால் முழு உண்மை வருமா, சொல்லுங்கள்.

இன்னொன்று. சனிக்கிழமை சின்னப் பிள்ளைகள் வகுப்பில் உதவியாளாக நிற்க அவளை அனுமதிப்பார்களா என்று ஸ்டூடியோவில் விசாரியுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று பேசுகிறாளா, இந்த வரிசையை மாற்றி நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்கிறாளா, அல்லது சலித்துப்போய்த் தூங்கிவிடுகிறாளா என்று கவனியுங்கள். ஆண்டிறுதித் தேர்வு முடிவு வந்ததும் எழுதுங்கள். மதிப்பெண்களையும் நீங்கள் கவனித்ததையும் வைத்துக்கொண்டு, நீங்களும் மகளும் நானுமாக உட்கார்ந்து பேசலாம்.