தொட்டி நிறைந்தால் எங்கே போவது? லக்சம்பர்க் மோட்டார்ஹோம் கேள்விகள்

சென்ற இதழில், ஐரோப்பாவின் சின்ன நாடான லக்சம்பர்க்கை மோட்டார்ஹோமில், அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியில், சுற்றிப் பார்ப்பது பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தோம். கோட்டை, திராட்சைத் தோட்டம் பற்றி யாரும் கேட்கவில்லை. டெல்டா வாசகர்களின் கடிதங்களில் முக்கால்வாசி கழிவறையைப் பற்றித்தான். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

கே: மகன் லக்சம்பர்க் நகரில் வேலை பார்க்கிறான். மே மாதம் நாங்கள் நான்கு பேர் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து எட்டு நாள் சுற்றுவதாக இருக்கிறோம். கக்கூஸ் வண்டிக்குள்ளேயே இருக்குமாமே, அதில் போவதெல்லாம் எங்கே போகும்? யார் வந்து எடுப்பார்கள்?
– வாசகர், கும்பகோணம்

ப: யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் எடுத்துக் கொட்ட வேண்டும். நம் ஊரில் செப்டிக் டேங்க் லாரிக்குப் போன் போடுவது போன்ற ஏற்பாடு அங்கே கிடையாது.

வண்டியில் மூன்று தொட்டிகள் உண்டு. நல்ல தண்ணீர்த் தொட்டி 100 முதல் 120 லிட்டர் பிடிக்கும். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் நீர்த் தொட்டி 90 முதல் 100 லிட்டர். மூன்றாவது கழிவறைக்கு அடியில் இருக்கும் கேசட். இது 17 முதல் 20 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி. வண்டியின் வெளிப்பக்கத்தில் உள்ள சின்னக் கதவைத் திறந்து இழுத்தால் பெட்டி போல வெளியே வரும். பெரும்பாலானவற்றில் சக்கரமும் கைப்பிடியும் இருக்கும், உருட்டிக்கொண்டே போகலாம்.

கொட்டும் முறை: கழிப்பறைக் கிண்ணத்துக்குக் கீழே உள்ள தகட்டை மூடினால்தான் கேசட் வெளியே வரும். வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், தகடு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். கையுறை போட்டுக்கொண்டு, கொட்டும் குழாயை வெளிப்பக்கம் திருப்பி மூடியைக் கழற்றுங்கள். சாய்க்கும்போது கைப்பிடி அருகே இருக்கும் காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மறப்பது இதைத்தான். காற்று உள்ளே போகாவிட்டால் கழிவு ‘குபுக் குபுக்’ என்று விட்டுவிட்டு வந்து பேன்ட் மேல் தெறிக்கும். குழாய் கீழ்நோக்கிச் சாய்ந்த பிறகே பொத்தானைத் தொடவும், முன்னாலேயே அழுத்தினால் அந்தத் துளை வழியாகவே கசியும். காலியானதும் 3 முதல் 5 லிட்டர் தண்ணீர் விட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி, மறுபடி கொட்டவும். இரண்டு தடவை போதும். பிறகு 2 லிட்டர் தண்ணீரும் கேசட்டுக்கென்று விற்கும் நாற்றம் போக்கும் மருந்தும் அதே குழாய் வழியாக ஊற்றி மூடிவிடுங்கள். மேலே உள்ள தகட்டின் வழியாக மருந்தை ஊற்றக் கூடாது, அங்குள்ள ரப்பர் கெட்டுவிடும்.

காலி செய்த பிறகும் ‘நிறைந்தது’ என்று சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே மிதவை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு தடவை அலசுங்கள்.

கே: நாங்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். பேப்பர் ஒத்துவராது. இதற்கு வண்டியில் தடை உண்டா?
– வாசகி, பாபநாசம்

ப: தடை இல்லை. கணக்குத்தான் மாறும். நான்கு பேர் நாள் முழுக்க வண்டியிலேயே போனால், ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் வீதம் ஆறு லிட்டர். ஒவ்வொரு தடவையும் அரை லிட்டர் ஃப்ளஷ் என்று வைத்தால் எட்டு லிட்டர். ஆக 14 லிட்டர். இதன் மேல் ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் சேர்ந்தால் 18 ஆகிவிடும். காலையில் காலி செய்த கேசட் மறுநாள் காலைக்குள் நிரம்பி நிற்கும். ஐரோப்பியத் தம்பதிக்கு இரண்டு மூன்று நாள் வருவது உங்களுக்கு ஒரே நாள்.

அதனால் செம்பை விட்டுவிட்டு, 250 மில்லி பிழியும் பாட்டில் ஒன்றை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். மூக்குள்ள சாஸ் பாட்டில் மாதிரி, மருந்துக்கடையில் கிடைக்கும் வகை. ஒரு பாட்டில் ஒருவருக்குத் தாராளம். பகலில் கேம்ப்சைட் (இப்படிப்பட்ட வண்டிகள் தங்குவதற்கென்றே உள்ள முகாம்), உணவகம், ரயில் நிலையக் கழிவறைகளைப் பயன்படுத்திவிட்டு, கேசட்டை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டு நாள் தாங்கும். பேப்பர் பயன்படுத்துகிறவர்கள் சீக்கிரம் கரையும் ரகத்தை மட்டும் போடவும். ஈரத் துடைப்பான், நாப்கின் எதுவும் உள்ளே போகக் கூடாது. அவை கரையாமல் தகட்டில் சிக்கி மூடவிடாமல் செய்யும். தகடு மூடாவிட்டால் கேசட் வெளியே வராது. அப்புறம் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கே: இங்கே குளித்த தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுகிறோம். அங்கே சாலையோரப் பள்ளத்தில் விட்டால் என்ன குற்றம்? வெறும் சோப்புத் தண்ணீர்தானே?
– வாசகர், மன்னார்குடி

ப: உங்கள் கொல்லையில் ஒரு குடும்பத்துத் தண்ணீரை நாலு வாழை குடித்துவிடும். ஒரே நிறுத்துமிடத்தில் கோடை முழுக்க வரும் நூற்றுக்கணக்கான வண்டிகளின் தண்ணீரை எந்த வாழை குடிக்கும்?

லக்சம்பர்க்கின் மொத்தப் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர், தஞ்சாவூர் மாவட்டத்தைவிடச் சிறியது. சாலையோர மழைநீர் வடிகால்கள் ஓடைக்கும், அங்கிருந்து சவர் (Sauer), ஊர் (Our) என்ற ஆறுகளுக்கும் போகின்றன. ஊர் ஆறு சவரில் கலக்கிறது. சவர், வாசர்பில்லிக்கில் மோசலில் சேர்ந்து, மோசல் ஜெர்மனியில் ரைனில் கலக்கிறது. சவரின் மேல்பகுதியில் எஷ்-சூர்-சூர் ஊரருகே உள்ள அணை நீர்த்தேக்கம், நாட்டின் பெரும் பகுதிக்குக் குடிநீர் தருவது. நம் ஊர்க்காரர்கள் சோப்புத் தண்ணீரை மேட்டூர் அணைக்குள் விடுவோமா? அது போலத்தான்.

சட்டப்படியும் கேம்ப்சைட்டுக்கு வெளியே முகாம் போடுவது அங்கே தடை. வண்டியை நிறுத்தி நாற்காலி, மேஜை, மேல்விரிப்பு போட்டுவிட்டால் அது முகாம்தான். ‘ஒரு ராத்திரிதானே’ என்று காட்டோரம் ஒதுங்கும் யோசனையை ஊரிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கே: கழிவு கொட்டும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பலகையில் தமிழா எழுதியிருக்கப் போகிறது?
– வாசகர், மயிலாடுதுறை

ப: முதலில் எங்கள் அபிப்பிராயம்: இவ்வளவு சின்ன நாட்டில் இலவச இடம் தேடி டீசல் எரிக்காதீர்கள். தெற்கு வடக்காக 82 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 57. எங்கே இருந்தாலும் அரை மணி, முக்கால் மணியில் ஒரு கேம்ப்சைட் வந்துவிடும். இரண்டு இரவுக்கு ஒரு தடவையாவது கேம்ப்சைட்டில் தங்கினால் மூன்று தொட்டி வேலையும் அங்கேயே முடிந்துவிடும். தலைநகரைப் பார்க்க கோக்கல்ஷோயர், வடகிழக்கில் வியாண்டன், பாறைகள் நிறைந்த முல்லர்த்தால் பக்கம் பெர்டார்ஃப், சவர் கரையில் ரோஸ்போர்ட் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. வண்டியை அங்கே விட்டுவிட்டுப் பேருந்தில் போகலாம். 2020 மார்ச் முதல் நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயில் இரண்டாம் வகுப்பு எல்லோருக்கும் இலவசம், சுற்றுலாப் பயணிக்கும்கூட.

தனியாகத் தேடுவதானால் பார்க்4நைட், கேம்பர்கான்டாக்ட் என்ற செயலிகளில் ‘கேசட் காலி செய்ய’, ‘சாம்பல் நீர்’, ‘குடிநீர்’ மூன்றையும் தனித்தனியாகக் குறி வைத்துத் தேடுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கடைசிக் கருத்து எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்கும் என்பதால் பல இடங்களில் தண்ணீரை நிறுத்திவைப்பார்கள்.

சாலையில் நீலப் பலகையில் வெள்ளை மோட்டார்ஹோம் படமும் கீழே இறங்கும் அம்புக்குறியும் இருக்கும். ஜெர்மனில் ‘என்ட்சோர்குங்’ என்றாலும் பிரெஞ்சில் ‘விடான்ஜ்’ என்றாலும் கொட்டும் இடம். ‘ட்ரிங்க்வாசர்’, ‘ஓ பொட்டாப்ல்’ என்றால் குடிநீர். முன்னால் ‘கைன்’ என்றோ, நடுவில் ‘நோன்’ என்றோ ஒரு சொல் இருந்தால் குடிக்கக் கூடாது. அது கேசட் அலசும் குழாய். அந்தக் குழாயின் வாயை முந்தைய ஆள் கேசட்டுக்குள்ளேயே விட்டிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் பதித்த இரும்புக் கிராதி சாம்பல் நீருக்கு. வண்டியின் வடிகுழாய் அதற்கு நேர் மேலே வரும்படி ஓட்டி நிறுத்தி வால்வைத் திறக்கவும். மூடியுள்ள தனித் துளை கேசட்டுக்கு. முதலில் சாம்பல் நீர், பிறகு கேசட், பிறகு கையுறையைக் கழற்றிக் கை கழுவிவிட்டுக் கடைசியில் நல்ல தண்ணீர். உங்கள் சொந்தக் குழாயால்தான் பிடிக்க வேண்டும். குழாய் வாய்கள் அரை, முக்கால், ஒரு அங்குலம் என்று மாறுவதால் மூன்று அளவிலும் இணைப்பான் இருக்கிறதா என்று வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போதே கேளுங்கள். ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயங்கள் சில்லறையாகக் கையில் இருக்கட்டும்.

கிழக்கு எல்லையில் இருந்தால் ஆற்றைத் தாண்டினாலே ஜெர்மனி. ட்ரியர் நகரில் மோசல் கரையிலேயே மோட்டார்ஹோம்களுக்கென்று தனி நிறுத்துமிடம் உண்டு.

கே: வண்டிக்குள் சாம்பார், ரசம், சாதம் எல்லாம் செய்ய முடியுமா? நாற்றம் வரும் என்கிறார்களே.
– வாசகி, திருவையாறு

ப: சமைக்கலாம். நாற்றம் அடுப்பிலிருந்து வராது, சாம்பல் நீர்த் தொட்டியிலிருந்துதான் வரும். வடிகஞ்சியைத் தொட்டியில் ஊற்றினால் இரண்டாம் நாள் புளித்து, மூன்றாம் நாள் சிங்க் துளை வழியாக மேலே ஏறும். வீட்டுக் குழாயில் இருக்கும் வளைவுத் தண்ணீர் அடைப்பு பல வண்டிகளில் இல்லை, இருந்தாலும் சின்னது. ஓட்டும்போது அந்தத் தண்ணீரும் குலுங்கிப் போய்விடும். கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்துவிடுங்கள், அல்லது பாட்டிலில் பிடித்துக் கேம்ப்சைட் சிங்க்கில் ஊற்றுங்கள். குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்து வேகவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. கறிவேப்பிலை, கடுகு, புளிச் சக்கை போகாமல் சிங்க்கில் வலை போடவும். சிங்க்கையும் குளியல் துளையையும் ஓட்டும்போது அடைப்பானால் மூடி வையுங்கள்.

எண்ணெய்ப் பாத்திரத்தைப் பேப்பரால் துடைத்த பிறகே கழுவுங்கள். எண்ணெய், தொட்டிக்குள் இருக்கும் அளவுமானியில் படிந்துவிட்டால் காலித் தொட்டியையும் நிறைந்ததாகக் காட்டும். அப்படி ஆனால், ஐந்து லிட்டர் வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற்றி, இருபது கிலோமீட்டர் ஓட்டி, பிறகு திறந்துவிடவும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் கேம்ப்சைட் குளியலறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சீயக்காய்த்தூள் வண்டிக் குழாயில் போனால் அடைத்துக்கொள்ளும்.

நெய்யை மூட்டை கட்டாதீர்கள். பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவர அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். அரிசி, பருப்பு, பொடி வகைகளுக்குச் சிக்கல் இல்லை.

கே: கேசட்டுக்கு விலை கொடுத்து மருந்து வாங்க வேண்டுமா? நம் பினாயில், ப்ளீச்சிங் பவுடர் போதாதா?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: போதாது என்பது மட்டுமல்ல, கெடுக்கும். குளோரின் உள்ள எதுவும் தகட்டு ரப்பரை வறட்டிவிடும், பிறகு கசிவு. தேங்காயெண்ணெய், வாசலின் தடவுவதும் தப்பு, ரப்பர் ஊதிவிடும். சிலிகான் தெளிப்பான் மட்டும்.

கடையில் நீலம், பச்சை என்று இரண்டு வகை மருந்து இருக்கும். நீலத்தில் பல ரகம் நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை அடக்குபவை. செப்டிக் டேங்க்கில் போனால் அங்கே வேலை செய்ய வேண்டிய கிருமிகளையும் அடக்கிவிடும். பச்சை வகை செப்டிக் டேங்க்குக்கும் ஒத்துப்போகும். சிறிய கேம்ப்சைட்டுகளில் அதையே கேட்பார்கள், பச்சையே வாங்குங்கள். அளவு பாட்டிலில் இருக்கும். கண்ணளவாக ஊற்றாமல் மூடியால் அளக்கவும்.

கே: என்னிடம் எல்எம்வி லைசென்ஸ் இருக்கிறது. வேன் ஓட்டிப் பழக்கம். போதுமா?
– வாசகர், திருவாரூர்

ப: ஆர்டிஓவில் படிவம் 4ஏ கொடுத்துச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஓராண்டு செல்லும். நம் எல்எம்வி 7,500 கிலோ வரை என்றாலும் அங்கே கார் லைசென்ஸுக்கு 3,500 கிலோதான் எல்லை, சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்த்து. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. ஆகவே ஓட்டும்போது 20 லிட்டர் வைத்துக்கொண்டு, தங்கும் இடத்தில் நிரப்புங்கள். 25 கிலோ பொன்னி மூட்டையை மறந்துவிடுங்கள். படுக்கை எண்ணிக்கையையும் சீட் பெல்ட் எண்ணிக்கையையும் தனித்தனியே கேளுங்கள், ஆறு படுக்கை உள்ள வண்டியில் நான்கு பெல்ட் மட்டும் இருக்கலாம். வண்டி வலப்பக்கம் ஓட வேண்டும்.

கே: மிக்சி கொண்டுபோகலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

ப: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் போலவே. பிளக் அடாப்டர் ஒன்று போதும். கேம்ப்சைட் இணைப்பு 6 ஆம்பியர் என்றால் மொத்தம் 1,380 வாட்தான் கிடைக்கும். 750 வாட் மிக்சி ஓடும். கூடவே வெந்நீர் கெட்டிலையும் போட்டால் ஃபியூஸ் விழும், பக்கத்து வண்டிக்காரருக்கும் சேர்த்து. வெட் கிரைண்டர் வேண்டாம்.

கே: நண்பர் ஏப்ரலில் போனபோது, நிரப்பிய தண்ணீர் முழுவதும் ஒரே ராத்திரியில் தானாகக் கொட்டிவிட்டதாம். வாடகைக்குக் கொடுத்தவர்கள் ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், பட்டுக்கோட்டை

ப: இல்லை, வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. வெந்நீர் பாய்லரில் 10 லிட்டர் தண்ணீர் நிற்கும். அது உறைந்தால் பாய்லர் விரிசல் விட்டுவிடும். அதனால் ஏறக்குறைய 3 டிகிரிக்குக் கீழே போனதும் ஒரு வால்வு தானே திறந்து தண்ணீரைக் கீழே விட்டுவிடும். பம்ப் ஆனிலேயே இருந்தால் அது இறைத்து இறைத்து முழுத் தொட்டியையும் காலி செய்துவிடும். தூங்கும் முன் பம்ப்பை அணைக்கச் சொல்லுங்கள். ஹீட்டரைக் குறைந்த சூட்டில் விட்டுவைத்தால் வால்வு திறக்கவே திறக்காது. திறந்துவிட்டால், வால்வு இருக்கும் இடம், பெரும்பாலும் ஹீட்டர் பக்கத்தில் இருக்கைக்கு அடியில், 7 டிகிரிக்கு மேல் சூடேறும்வரை வால்வை மூடும் பொத்தான் அழுத்தினாலும் நிற்காது. துணி மாட்டும் கிளிப்பைப் போட்டு அமுக்கி வைக்கிறவர்கள் உண்டு. இரவு மறுபடி உறைந்தால் பாய்லருக்கு அவர்கள்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும்.